டீசல் வண்டியை மாப்பிள்ளைக்கு விற்ற கதை

காட்டுப்பாதைக்கு வண்டி எடுக்கப் போகிறேன், பெட்ரோலா டீசலா என்று யாராவது கேட்டால் நான் திருப்பி ஒன்று கேட்பேன். திங்கள் முதல் வெள்ளி வரை வண்டி எங்கே ஓடும்? கேட்டவர் முகம் சுருங்கிவிடும். அவர் மனதில் சேறும் பாறையும் ஓடையும் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் ஸ்கூல் வாசலைப் பற்றி விசாரிக்கிறேன் அல்லவா. 2021இல் என்னிடம் இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

எங்கள் வீடும் கடையும் திண்டுக்கல்லில். மனைவி வழியில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சின்னக் காபித் தோட்டம் உண்டு. ஊடே மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. சித்தரேவில் மலையேறி, பெரும்பாறை, தடியன்குடிசை தாண்டிப் போக வேண்டும். தார் ரோட்டை விட்டு இறங்கியதும் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. முக்கால்வாசி சாதுவான பாதைதான். கடைசி நானூறு மீட்டர்தான் வில்லன். செங்குத்தாக ஏறும் செம்மண், நடுவில் மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட பள்ளம், ஒரு வளைவில் முழங்கால் உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருக்கும் பாறை. ஐப்பசி மழையில் அதில் செருப்போடு நடந்து ஏறினால் செருப்பு கீழேயே நின்றுவிடும்.

மாமனார் காலத்தில் அங்கே ஒரு மகிந்திரா எம்எம்540 ஜீப் ஓடியது. 2.1 லிட்டர் பூஜோ டீசல் எஞ்சின். இன்றைக்கு ஒரு சின்ன காருக்கு இருக்கும் சக்திகூட அதற்குக் கிடையாது. ஆனால் லோ கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். காபி மூட்டை எட்டு, ஆள் ஐந்து, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டக் டக் டக் என்று அந்த நானூறு மீட்டரை ஏறிவிடும். கல்யாணமான புதிதில் அதில் உட்கார்ந்து போன அனுபவம் மனதில் பதிந்துவிட்டது. ஜீப் என்றால் டீசல். மலை என்றால் டீசல். மறுபேச்சுக் கிடையாது.

இது வெறும் பழக்கம் என்பது பின்னால்தான் புரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பே 2.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. மகிந்திரா நம் நாட்டில் முதலில் பாகங்களைப் பூட்டி விற்றதும் அந்தப் பெட்ரோல் ஜீப் வகையைத்தான். டீசல் நம் மலைகளுக்கு வந்ததற்கு முதல் காரணம் விலை. 2012 வாக்கில்கூட லிட்டருக்கு 30 ரூபாய் வரை வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து, 2025இல் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்ச் சொச்சம், டீசல் 92 ரூபாய்ச் சொச்சம் என்று நின்றது. நான் 2021இல் வாங்கும்போது என் தலைக்குள் ஓடிய கணக்கு 2012ஆம் வருடக் கணக்கு.

சரி, வண்டிக்கு வருவோம். பிஎஸ்6 என்ற புதிய புகை விதிக்கு ஏற்ற டீசல், மேனுவல் கியர், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் உள்ள, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்-பை-ஃபோர். பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் சிக்கல்கள் இன்றைய எந்த டீசலுக்கும் பொருந்தும், பாதிச் சிக்கல் என் கையால் வந்தது.

முதல் மாதம் தோட்டத்துக்கு ஏற்றிய அன்று நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஃபோர்-லோவில் போட்டு, முதல் கியரில் கிளட்சை விட்டேன். எஞ்சின் ஐடிலிங்கிலேயே வண்டி நகர்ந்தது. பாறையில் முன்சக்கரம் முட்டியதும் எஞ்சின் ஒரு நொடி தொண்டையைக் கனைத்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. அதுவே கொஞ்சம் கூடுதல் டீசலை எடுத்துக்கொண்டு சக்கரத்தை மெல்லத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தது. மேனுவல் கியரில் பாறை ஏற வேண்டுமென்றால் இந்த ஒரு குணத்துக்காகவே டீசல் வாங்கலாம். இன்றைக்கும் இதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

இதற்குப் பின்னால் உள்ள விஷயம் எளிது. விளம்பரத்தில் போடும் டார்க் (சுழற்றும் வலு) எண்ணைப் பார்த்தால் இது பிடிபடாது. ஒரே வண்டியில் இரண்டு எஞ்சினும் கிடைத்த மகிந்திராவின் 2020 ‘தார்’ வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவலில் இரண்டுக்கும் 300 நியூட்டன் மீட்டர்தான். பெட்ரோலுக்கு அது 1,250 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும், டீசலுக்கு 1,600 ஆக வேண்டும். காகிதத்தில் பெட்ரோல் ஜெயித்துவிட்டது. ஆனால் பாறையில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் ஓடுவது 800, 900 ஆர்பிஎம்மில். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ அங்கே இரண்டிலும் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் டீசலின் கனமான சுழற்சியும், வேகம் விழுந்ததும் தானாக எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும் சுபாவமும்தான் கைகொடுக்கும். பெட்ரோலில் காலை வைத்தால் துள்ளும், எடுத்தால் அணையும் என்று மேனுவல்காரர்கள் புலம்புவது இதனால்தான். கடைசியில் கிளட்சைப் பாதி அழுத்தியபடியே ஏற்றி, கருகிய வாடையோடு மேலே போய்ச் சேர்வார்கள்.

அப்புறம் ஊருக்குத் திரும்பினேன். ஸ்கூல் மூன்று கிலோமீட்டர், கடை நாலு கிலோமீட்டர். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடை, மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு, மறுபடி கடை. எஞ்சின் சூடாகும் முன்பே அணைத்துவிடுவேன். தோட்டத்துக்கு மாதம் இரண்டு தடவை போனால் அதிகம். ஏழாவது மாதம் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. புகை வடிகட்டி, அதாவது டிபிஎஃப் அடைக்கிறதாம்.

டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரித்தூளைப் பிடித்து வைக்கும் தேன்கூடு மாதிரி ஒரு பெட்டி. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். ஹைவேயில் போகும் வண்டிக்கு இது போகிற போக்கில் நடந்துவிடும். என் வண்டி மாதிரி ஸ்கூலுக்கும் கடைக்கும் ஓடும் வண்டியில் சூடு ஏறாது. அதனால் எஞ்சினே கூடுதலாக டீசலைப் பீய்ச்சிச் சூட்டைக் கூட்டப் பார்க்கும். அது பாதி வேலை முடித்திருக்கும்போது நான் வீட்டு வாசலில் சாவியைத் திருகி அணைத்துவிடுவேன். மறுநாளும் அதே கதை. வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் காட்டுத்தனமாகச் சுற்றும், ரப்பர் தீய்ந்த மாதிரி வாடை வரும், ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறி நிற்கும். இதெல்லாம் ‘நான் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், அணைக்காதே’ என்று வண்டி சொல்வது. எனக்கு அந்தப் பாஷை அப்போது தெரியாது.

கையேட்டைப் புரட்டிப் பார்த்து, கொடைரோடு டோல்கேட் வரை நாலு வழிச்சாலையில் ஒரே வேகத்தில் போய்விட்டு வந்தேன். விளக்கு அணைந்தது. மூன்று வாரத்தில் மறுபடி எரிந்தது. இப்படியே கரியை எரிக்க மட்டும் கொடைரோடு போய் டீ குடித்துவிட்டு வரும் ஆளாகிவிட்டேன். மனைவி இதற்கு ‘வண்டிக்கு வாக்கிங்’ என்று பெயர் வைத்தாள்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது ஆயில். ஒருநாள் மெக்கானிக் அண்ணன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டையும் தாண்டி விரல் அளவுக்கு ஆயில் ஏறியிருந்தது. நான், பரவாயில்லையே, ஆயிலே குறையவில்லை என்றேன். அவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சொட்டைத் தேய்த்து மூக்கில் வைத்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார். டீசல் வாடை. "ஆயில் குறையாது தம்பி, கூடத்தான் செய்யும். இதுல பாதி டீசல்" என்றார். சுத்தம் பண்ணப் பீய்ச்சிய டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே ஆயிலில் இறங்கிவிடுகிறது. ஆயில் நீர்த்துப் போனால் டர்போவுக்கும் பேரிங்குக்கும் வழுக்கல் போதாது. அன்றைக்கே ஆயிலை மாற்றினோம். புது டீசல் வைத்திருப்பவர்கள் ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

இதோடு ஒட்டி இன்னொன்று. மாசி, பங்குனியில் மலையில் புல் காய்ந்து சருகு முழங்கால் அளவு கிடக்கும். டிபிஎஃப் சுத்தம் செய்துகொண்டிருக்கும் வண்டியை அந்தச் சருகின் மேல் நிறுத்தக் கூடாது. ஒரு தடவை வரப்போரம் நிறுத்திவிட்டுக் காபிச் செடியைப் பார்க்கப் போனவன், வாடை வந்து திரும்பி ஓடி வந்தேன். சருகு கருகிச் சுருளத் தொடங்கியிருந்தது. காலால் மிதித்து, குடிக்கிற தண்ணீரை ஊற்றி அணைத்தேன். பெட்ரோல் வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடாகத்தான் இருக்கும். ஆனால் இந்த அளவு சூடு, நாம் எதிர்பார்க்காத நேரத்தில், மெதுவாக ஊர்ந்து வந்து நிறுத்திய பிறகு இருப்பது டீசலில்தான்.

டீசல் எதையும் தாங்கும் என்ற பேச்சு எங்கே உடைந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2022 மழைக்காலம். தோட்டத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டு இறங்கும்போது முள் சிவப்புக்கு வந்துவிட்டது. மோட்டார் செட்டுக்கு வைத்திருந்த கேனில் டீசல் இருந்தது. பத்து லிட்டரை ஊற்றினேன். பெரும்பாறை வருவதற்குள் வண்டி இருமத் தொடங்கி, ஒரு வளைவில் நின்றேவிட்டது. பின்னால் மூட்டை ஏற்றி வந்த ஜீப்காரர் இறங்கி வந்தார். அந்தப் பாதையில் முப்பது வருடமாக ஓட்டுகிறவர்.

"என்ன தம்பி, மூச்சு வாங்குதா?"

"கேன் டீசல் ஊத்துனேன்ணே."

"மாமனார் ஜீப்புன்னு நெனச்சீங்களாக்கும். அது மண்ணெண்ணெயக் குடுத்தாலும் குடிக்கும். இது பால்புட்டிப் பிள்ளை."

ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி, ஒரு காலி வாட்டர் பாட்டிலைப் பிடித்தார். நிரம்பியதும் வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர், அதற்கு மேல் துருப்பொடி ஒரு கோடாக, அதற்கும் மேல் மஞ்சள் டீசல். கேன் மூடி சரியாக இல்லாமல் எத்தனை மழை குடித்ததோ.

பழைய டீசல் எஞ்சினில் ஒரு இயந்திர பம்ப், நாலு நாசில், அவ்வளவுதான். ஒருமுறை ஓட ஆரம்பித்தால் மின்சாரமே இல்லாமல்கூட ஓடும். ஓடையில் நனைந்தால் பெட்ரோல் ஜீப்பின் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் நமத்துப்போய் நின்றுவிடும், டீசல் ஜீப் போய்க்கொண்டே இருக்கும். டீசலுக்கு வந்த நல்ல பெயர் அப்படி வந்தது. இன்றைக்கு இருப்பது காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைத்துப் பீய்ச்சும் முறை. இன்ஜெக்டருக்குள் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை போகும். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம் என்பதோடு வைத்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் இன்ஜெக்டர் முனை அரிக்கும். சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் பெட்ரோல் வண்டியில் இருப்பது போலவே இதிலும் உண்டு. ஆக, அப்பா காலத்து டீசலின் நற்சான்றிதழை இன்றைய டீசலுக்குச் செல்லுபடியாக்க முடியாது.

ஓடை கடப்பதும் அப்படித்தான். இப்போதைய பெட்ரோல் எஞ்சினில் பிளக் மேலேயே காயில் மூடி உட்கார்ந்திருக்கிறது, தெறிக்கும் தண்ணீருக்கு முன்போல் பயமில்லை. இரண்டுக்கும் எமன் ஒன்றுதான். காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் போவது. தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வந்து முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். டீசலில் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நசுக்குகிறார்கள் என்பதால் மேலே மிஞ்சும் இடமே கொஞ்சம். கொஞ்சத் தண்ணீரே போதும். எனவே எந்த எஞ்சின் என்பதை விட்டுவிட்டு, உங்கள் வண்டியில் காற்றுக் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து பார்த்து வையுங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இறக்கத்தில் டீசல்தான் பிடித்து நிற்கும் என்றும் ஊரே சொல்லும். நானும் நம்பினேன். உண்மையில் பெட்ரோலில் காலை எடுத்ததும் காற்று வழியில் இருக்கும் த்ராட்டில் என்ற கதவு மூடி, எஞ்சின் வெற்றிடத்தை இழுக்கப் பாடுபடும், அதுவும் நல்ல பிடிதான். டீசல் பிடிப்பதாகத் தோன்றுவதற்குப் பெரிய பங்கு லோ ரேஞ்ச் கியருக்கு. ஃபோர்-லோவில் முதல் கியரில் இறக்கினால் எந்த வண்டியும் பிரேக் இல்லாமலே இறங்கும். இந்த டீசலையும் பின்னால் வாங்கிய பெட்ரோலையும் அதே நானூறு மீட்டரில் இறக்கிப் பார்த்துவிட்டேன், சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பெட்ரோல் பக்கம் என் மனம் சாய்ந்தது மலையில் அல்ல, தேரியில். கல்லூரி நண்பனுக்குச் சாத்தான்குளம் பக்கம் பனங்காடு இருக்கிறது, தேரியை ஒட்டி. தேரி என்றால் தெரியும்தானே, தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடுகள். காற்றில் இடம் மாறும் மணல், மாவு மாதிரி. அவன் வைத்திருந்தது மாருதி ஜிம்னி. 1.5 லிட்டர், டர்போ இல்லாத பெட்ரோல், 134 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்பிஎம்மில். நான் என் டீசலின் எண்ணைச் சொல்லிக் கிண்டல் செய்தபடியே போனேன்.

இரண்டு பேரும் டயர் காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கினோம். அவன் முன்னால் போனான். லோவில் இரண்டாம் கியர், 4,500க்கு மேல் எஞ்சின் கத்தக் கத்த, மேட்டின் முதுகில் ஏறி அந்தப் பக்கம் மறைந்தான். நானும் அதே தடத்தில் போனேன். பாதி மேட்டில் என் எஞ்சின் 3,800ஐத் தொட்டது. அதற்கு மேல் டீசலுக்கு மூச்சில்லை. மூன்றாம் கியருக்கு மாற்றக் கிளட்சை மிதித்த அரை நொடியில் மணல் வண்டியைக் கையால் பிடித்து நிறுத்தியது மாதிரி நின்றது. மறுபடி கிளப்ப முயன்றதில் பின்சக்கரம் அச்சு வரை இறங்கியது. என் வண்டி கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டன், அவனுடையது 1,200 கிலோ. அந்த அரை டன் வித்தியாசத்தின் அர்த்தம், மண்வெட்டியோடு மணலில் ஒரு மணி நேரம் மண்டியிட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. டீசல் எஞ்சினே கனம். அந்தக் கனமும் முன்னால்தான் உட்கார்ந்திருக்கும்.

மணலில் வேண்டியது நிதானம் இல்லை, ஓட்டம். ஒரே கியரில் நீளமாக இழுத்துக்கொண்டு போகும் எஞ்சின். அது பெட்ரோலின் ஆட்டம். பாறையில் வேண்டியது நேர் எதிர். சேறு இரண்டுக்கும் நடுவில்.

ஆனால் அதே ஜிம்னியைத் தாண்டிக்குடிக்கு ஓட்டி வந்தபோது அவனும் ஒன்று சொன்னான். மூன்று பேர், இரண்டு மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் மாறி மாறிக் கையே வலித்துவிட்டதாம். டர்போ இல்லாத எஞ்சின் உயரம் ஏற ஏற இளைக்கும், 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம். தாண்டிக்குடி கிட்டத்தட்ட 1,300 மீட்டர். கொடைக்கானல் உயரத்துக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டர்போ உள்ளவை, பெட்ரோலோ டீசலோ, இந்த இழப்பைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். சுமை ஏற்றி மலையேறுவதுதான் உங்கள் வேலை என்றால் டர்போ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2024இல் வண்டி மாற்ற முடிவெடுத்தேன். தேடப் போனால் இன்னொரு வேடிக்கை. லோ ரேஞ்ச் உள்ள ஃபோர்-பை-ஃபோர் என்று சொன்ன மாத்திரத்தில் பல இடங்களில் இந்தக் கேள்வியே காணாமல் போய்விடுகிறது. ஜிம்னி பெட்ரோல் மட்டும். ஃபோர்ஸ் கூர்கா டீசல் மட்டும், இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரென்ஷியல் லாக் முன்னும் பின்னும் உண்டு. ஸ்கார்பியோ-என், ஃபார்ச்சூனர் இரண்டும் பெட்ரோலில் உண்டு, ஆனால் ஃபோர்-பை-ஃபோர் வேண்டுமென்றால் டீசல்தான். அந்த வருடம் ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸும் அப்படியே. பெட்ரோல், டீசல் இரண்டையும் எதிரெதிரே வைத்து யோசிக்கும் வசதி மூன்று கதவுத் தாரில் இருந்தது. ஷோரூம் வாசலில் நின்று மண்டையைக் குழப்பிக்கொள்வதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

நான் எடுத்தது டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக் என்பதை அழுத்திச் சொல்கிறேன். டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் கிளட்ச் என்ற சங்கதி இல்லை. பாறையில் முட்டி நின்றால் எஞ்சின் அணையாது, உள்ளே எண்ணெய் வழுக்கிக்கொண்டு தள்ளிக்கொண்டே இருக்கும். டீசலிடம் நான் ரசித்த ஊர்ந்தேறும் குணத்தில் முக்கால்வாசி இதிலேயே கிடைத்துவிட்டது. பெட்ரோலுக்கும் மேனுவலுக்கும் சேர்த்து ஆசைப்படுகிறவர்கள் மட்டும் பாறைப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

பர்ஸ் என்ன சொல்கிறது என்றால், வலிக்கிறது என்கிறது. டீசல் எனக்கு லிட்டருக்கு டவுனில் 11 கிலோமீட்டர், மலைப்பாதையில் 10, தோட்டத்துக்குள் லோவில் 7 கொடுத்தது. பெட்ரோல் முறையே 8, 7, 4. கடைசி எண்ணைக் கவனியுங்கள், விகிதத்தில் பார்த்தால் இடைவெளி அங்கேதான் பெரிது. பெட்ரோல் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நின்றாலும் உள்ளே போகும் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோல் சேர்த்தே ஆக வேண்டும். டீசலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வேலை இல்லாதபோது துளித்துளியாகக் குடித்துக்கொண்டு இருக்கும். ஆகவே நாள் முழுக்க ஊர்ந்துகொண்டே இருக்கும் பிழைப்புக்கு டீசல், சந்தேகமே வேண்டாம். டேங்கை நிரப்பிக்கொண்டு போய் மூன்று நாள் மலையில் சுற்றுகிறவர்களுக்கும் அப்படியே. போதாக்குறைக்கு இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் சூட்டுச்சத்து பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஈரத்தையும் இழுக்கும். மலைக்கிராமப் பெட்டிக்கடையில் பைக்குகளுக்காகப் பாட்டிலில் வைத்திருக்கும் பெட்ரோலை அவசரத்துக்கு ஒரு தடவை ஊற்றியிருக்கிறேன், இனி ஊற்ற மாட்டேன். கேனில் பெட்ரோலை வண்டிக்குள் வைத்துக்கொண்டு போவதையும் நினைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும்.

என் கணக்குப்படி கிலோமீட்டருக்கு நாலு முதல் ஐந்து ரூபாய் வரை பெட்ரோலில் கூடுதல். வருடம் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற எனக்கு அது நாற்பதாயிரத்துக்குள். டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை, இடையிடையே ஆயில், ஃபில்டர், கொடைரோடு டீச் செலவு எல்லாம் சேர்த்தால் எனக்குச் சரியாகப் போயிற்று. வருடம் இருபதாயிரம் ஓடுகிறவர் இந்தக் கணக்கைத் தலைகீழாகத்தான் போட வேண்டும்.

பழைய டீசலை யாருக்கு விற்றேன் என்பதுதான் இந்தக் கதையில் சுவாரஸ்யம். மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவன், தோட்டத்திலேயே குடியிருக்கிறான். வாரத்தில் ஐந்து நாள் வத்தலகுண்டு வரை இறங்கி ஏறுவான், பெரும்பாலும் மூட்டையோடு. "அந்த விளக்கு எரியிற வண்டியத் தலையில கட்டப் பாக்குறீங்களா மாமா" என்று முதலில் சிரித்தான். பிறகு விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டான். ஒன்றரை வருடம் ஆகிறது. அவனிடம் போன பிறகு ஒரு தடவைகூட மஞ்சள் விளக்கு எரியவில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் சுமையோடு மலையேறும் எஞ்சினுக்குச் சூட்டுக்கு என்ன குறை? டிப்ஸ்டிக்கில் ஆயில் கோட்டுக்கு நடுவில் நிற்கிறது. வண்டியும் அதுதான், டிபிஎஃப்பும் அதுதான், மாறியது ஓட்டம் மட்டும். கேன் டீசல் ஊற்றாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை மாதம் ஒருமுறை அவன் திறந்து பார்க்கிறான்.

போன ஐப்பசியில் என் பெட்ரோலை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். இரவெல்லாம் பெய்திருந்தது. நானூறு மீட்டரில் பாதிகூட ஏறவில்லை, செம்மண் டயரில் அப்பி, சக்கரம் வழவழவென்று தட்டு மாதிரி ஆகிவிட்டது. எஞ்சினில் குறையே இல்லை, சக்கரம் நான்கும் உற்சாகமாகத்தான் சுற்றின. வண்டிதான் பக்கவாட்டில் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. கம்பெனியில் போட்டுக் கொடுத்த ஹைவே டயரையே அதுவரை மாற்றாமல் வைத்திருந்தேன். ஆறு மாதம் எஞ்சினைப் பற்றி யோசித்தவன் டயரைப் பற்றி ஆறு நிமிடம் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை மேலே இருந்து டீசலை இறக்கிக்கொண்டு வந்தான். அவன் வாங்கிய முதல் மாதமே கட்டைக் கட்டையாகப் பல் வைத்த மட் டயர் மாட்டிவிட்டான். கயிற்றைக் கொக்கியில் மாட்டி இழுத்து மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இறங்கி வந்து என் டயரை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தான்.

"மாமா, இதுக்குப் பெட்ரோலு டீசலு ரெண்டையும் சேத்து ஊத்துனாலும் ஏறாது."

திண்டுக்கல்லுக்கு இறங்கி வந்த அன்று சாயங்காலமே டயர் கடைக்குப் போனேன். அதே சைஸில் ஆல்-டெரெய்ன் நாலு, ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்தாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். எடுத்துக்கொண்டேன்.